மசியும் மங்சியும்

பாலிக்குப் போய்வருகிறவர்கள் துணிமணியோடு ஓர் அட்டைக் குழாயையும் தூக்கி வருவார்கள். உள்ளே ஓவியம் சுருட்டி வைத்திருக்கும். ஜொகூரின் மாசாயில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். தள்ளி நின்று பார்த்தால் கரி பிடித்த பலகை மாதிரி இருந்தது. கிட்டப் போனால் காடு. இலைமேல் இலை, வேர்மேல் வேர், சந்துபொந்தெல்லாம் ஏதோ ஓர் உயிர். நடுவில் கிரீடம் வைத்த அரக்கன் ஒருவனோடு பெரும்பறவை ஒன்று மல்லுக்கு நிற்கிறது. பறவை ஜடாயு என்பது தெரிந்ததும் எல்லாருக்கும் சந்தோஷம்.

"நம்ம ராமாயணந்தான் மச்சான். அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க கப்பல்ல கொண்டுபோய்க் குடுத்தது" என்றார் தங்கை கணவர். அவர் மகனுக்கு வேறு சந்தேகம். "அதுசரி மாமா, ஏன் இவ்ளோ கறுப்பா வரைஞ்சிருக்காங்க? கலர் வாங்கக் காசு இல்லையா?"

தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில்கள் இல்லை இவை. அன்றைக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். இப்போது நிதானமாக, ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்ப்போம். மருமகன் கேட்டது கைவேலை பற்றிய கேள்வி. அதிலிருந்து தொடங்கினால் அவன் அப்பா சொன்னதற்கும் தானாகவே வந்து சேர்வோம்.

முதலில் மை. பாலியில் அதற்கு மங்சி என்று பெயர். தமிழில் மசி என்ற சொல் நம்மிடமும் இருக்கிறது. அச்சகத்தாரும், மசிக்கூடு வைத்து எழுதிய தலைமுறையும் அதைப் புழங்கினார்கள். மசி, மங்சி இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வடமொழியின் மஷி. அது பழைய ஜாவா மொழிக்குள் போய், மூக்கொலி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, பாலியில் இறங்கியிருக்கிறது. நம் பேச்சில் மை என்ற சொல் முன்னால் வந்து மசி ஒதுங்கிவிட்டது. அங்கே ஓவியர் வாயில் மங்சி இன்றும் அன்றாடச் சொல்.

அந்த மை எதனால் ஆனது? புகைக்கரியால். எரியும் அகல் விளக்கின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துப் பிடித்தால் கருகருவென்று படியுமே, அதுதான். பாட்டிமார் கண்மை கூட்டியதும் இதில்தான். எண்ணெய் முழுதாக எரியாமல் மிச்சம் விட்ட நுண்ணிய கரித்தூள் அது. அதைத் தண்ணீரில் குழைத்து எழுதலாம். ஆனால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். வாசலில் போட்ட பொடிக்கோலம் காற்றில் பறக்கிறது, அரைத்த ஈர மாவில் போட்ட மாக்கோலம் தரையைப் பிடித்துக்கொள்கிறது, இல்லையா? மாவிலுள்ள பசைதான் பிடிமானம். மையிலும் அப்படி ஒரு பசை வேண்டும். சீனர்கள் விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையைக் கரியோடு சேர்த்துக் கட்டியாக்கினார்கள். கல்லில் தண்ணீர் விட்டு உரைத்தால் மை. நம் ஊரிலும் சீனத் தூரிகை எழுத்துக்கான பொருள்கள் விற்கும் கடைகளில் அந்தக் கட்டி கிடைக்கும். பாலியில் தாளில் வரையும் ஓவியர்கள் கைக்கொண்டதும் இந்தச் சீன மையைத்தான். ஆக, பெயர் இந்தியாவிலிருந்து போனது, பொருள் சீனாவிலிருந்து வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

தாள் வருவதற்கு முன்னால் பாலிக்காரர்கள் எதில் எழுதினார்கள்? நாம் எழுதியதில்தான். பனையோலை. அங்கே அதற்கு லொந்தார் என்று பெயர். நம் எழுத்தாணி போலவே கூரிய கத்தி ஒன்றால் ஓலையைக் கீறுவார்கள். கீறியதும் எதுவும் தெரியாது. மேலே கரியைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் கரி தங்கி எழுத்து எழும்பி வரும். நம் ஏடுகளுக்குக் கோவையிலைச் சாற்றையும் விளக்குக் கரியையும் பூசியதும் இதற்குத்தான். பாலியில் அந்தக் கரியை எடுப்பது கெமிரிக் கொட்டையைச் சுட்டு. பெயர் புதிதாக இருக்கிறதா? நம் அடுப்படியில் சம்பாலுக்கும் குழம்புக்கும் அரைத்துப் போடுகிற புவா கெராஸ்தான் அது. எண்ணெய் நிறைந்த கொட்டை. சுட்டால் நல்ல கரி, அதோடு எண்ணெயும் சேர்ந்தே கிடைக்கிறது.

ஓலையில் எழுத்தோடு படமும் கீறினார்கள். பிராசி என்று அதற்குப் பெயர். கைவிரல் அகலமுள்ள ஓலையில் ஒரு போர்க்களத்தையே அடக்குவது. தங்கை வீட்டுப் படத்தில் இலை நரம்புகள் முடிபோல மெல்லியதாக இருந்ததைப் பார்த்து மருமகன் வியந்தான். அந்தக் கைக்குப் பின்னால் பல தலைமுறை ஓலை கீறல் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலியில் 210 நாளுக்கு ஒருமுறை சரஸ்வதி நாள் வருகிறது. ஏடுகளையும் புத்தகங்களையும் அடுக்கிப் படையல் வைப்பார்கள். பூசை முடியும்வரை படிக்கவோ எழுதவோ மாட்டார்கள். நவராத்திரியில் கணக்குப் புத்தகத்தைச் சாமியறையில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் குதிக்கிற குதி நமக்குத் தெரியாததா.

இப்போது படம் எப்படி வளர்கிறது என்று பார்ப்போம். கியாஞ்ஞார் மாவட்டத்தில் பத்துவான் என்று ஒரு கிராமம். அதன் ஊர்க்கோயில் சாசனம் சகம் 944-ஐ, அதாவது 1022-ஆம் ஆண்டைக் காட்டுகிறது. அவ்வளவு பழைய ஊர். மை ஓவியத்துக்கு இன்று பெயர் பெற்ற ஊரும் அதுதான். அங்குள்ள ஓவியர் முதலில் பென்சிலால் மெல்லிய கோட்டில் மொத்தப் படத்தையும் அமைத்துக்கொள்கிறார். பிறகு அந்தக் கோடுகளின் மேல் மையால் இழுக்கிறார். இதற்கு ஞாவி என்று பெயர். இதுவரை நமக்குப் புரிகிற வேலை. நம் ஊர்ப் பிள்ளைகளும் இப்படித்தான் வரைகிறார்கள்.

அடுத்த படியில்தான் அவர்களுடைய தனிக் கைவண்ணம் இருக்கிறது. பெயர் சிகார் மங்சி. சிகார் என்றால் பிளத்தல். மையைப் பிளப்பது. கறுப்பு மை ஒன்றையே கருங்கறுப்பு முதல் வெளிர்ச் சாம்பல்வரை பல படிகளாகப் பிரித்துக்கொள்வது. எப்படி? உங்கள் கோப்பையிலுள்ள தே ஓவில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வையுங்கள். காய்ந்தால் இளம்பழுப்பு. அதன் பாதிமேல் இன்னொரு சொட்டு. அந்தப் பாதி கொஞ்சம் கருக்கும். அதன் பாதிமேல் மீண்டும் ஒன்று. இப்படி ஐந்தாறு முறை போனால், ஒரே தேத்தண்ணியில் ஐந்தாறு நிறம் கிடைத்துவிடும். ஓவியர் செய்வதும் இதைத்தான். தண்ணீர் கலந்த மையை ஒரு பூச்சு பூசி, காயவிட்டு, அடுத்த பூச்சைச் சற்று உள்வாங்கிப் பூசுகிறார். இலையின் ஓரம் ஒரு பூச்சு, நடு இரண்டு பூச்சு, காம்படி நான்கு பூச்சு. இலை புடைத்து எழும்புகிறது.

ஓர் இலைக்கு இவ்வளவு என்றால் ஒரு காட்டுக்கு? ஒரு பெரிய படம் மாதக்கணக்கில் இழுக்கும். அவசரப்பட்டு ஈரம் காயுமுன் அடுத்த பூச்சை வைத்தால் படிகள் கலங்கிக் கறையாகிவிடும். அழிக்கவும் முடியாது. கரி தாளின் நாருக்குள் இறங்கிவிட்டால் பிறகு வெளியே வராது.

படத்திலுள்ள வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? ஜடாயுவின் இறகு நுனியில், அரக்கனின் பல்லில் பளிச்சென்று வெள்ளை இருந்தது. அது பூசிய வெள்ளை அல்லவே. மை படாமல் விட்டுவைத்த தாள். பத்துவான் ஓவியர் வெளிச்சத்தை வரைவதில்லை, காப்பாற்றுகிறார். சுற்றிலும் இருட்டை அடுக்கிக்கொண்டே போய், வேண்டிய இடத்தில் மட்டும் தாளைத் திறந்து விடுகிறார். கலர் இல்லாததால் கறுப்பு என்பது இல்லை, தம்பி. வெளிச்சம் தெரியவேண்டும் என்பதற்காகக் கறுப்பு. வண்ணம் சேர்க்கிற ஓவியர்கள்கூட இந்தக் கறுப்பு வேலை முழுவதையும் முடித்த பிறகே, மேலே நீர்த்த வண்ணத்தைப் படரவிடுகிறார்கள்.

இருட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலியில் உலகத்தைச் செகாலா, நிஸ்காலா என்று இரண்டாகச் சொல்வார்கள். செகாலா கண்ணுக்குத் தெரிவது. நிஸ்காலா தெரியாதது, ஆனால் இருப்பது. மூதாதையர், காவல் தெய்வம், மரத்தில் குடியிருப்பது, இரவில் உருமாறித் திரிவது எல்லாம் இரண்டாவதில் அடங்கும். சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனவர்களுக்கு இந்தச் சொற்கள் எங்கோ கேட்டமாதிரி இருக்கும். சகளம், நிட்களம். அதே சொற்கள்தான். நமக்கு அவை இறைவனின் உருவையும் உருவமற்ற நிலையையும் குறிக்கின்றன. சிவலிங்கத்தை இரண்டும் கூடிய சகள நிட்களம் என்போம். பாலியிலோ அந்தச் சொற்கள் தெருவில் இறங்கி நடக்கின்றன. சந்தையும் வயலும் செகாலா, ஆலமரத்தடி நள்ளிரவு நிஸ்காலா. பத்துவான் படங்களின் இருண்ட இலைக்கூட்டத்துக்குள் அரைகுறையாகத் தெரியும் கண்களும் நகங்களும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. ஓவியர் அவற்றை அலங்காரத்துக்காகப் போடவில்லை. இருப்பதாக நம்பிப் போடுகிறார்.

அந்த உருவங்களுக்கு மூக்கும் கண்ணும் ஏன் அப்படிக் கூர்மையாக இருக்கின்றன? இதற்கு விடை தேட நாம் பாலிவரை போகவேண்டாம். பத்து பகாட், மூவார், பொந்தியான் பக்கம் ஜாவாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. அவர்கள் கொண்டுவந்தது வாயாங் கூலிட் புர்வோ என்னும் தோல்பாவை நிழற்கூத்து. கிளாந்தானில் ஆடுவதிலிருந்து இது வேறு. மலாயில் நிழலைப் பாயாங் என்கிறோமே, வாயாங் அதற்கு உறவு. எருமைத் தோலைச் செதுக்கி, திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து, நிழலை ஆட்டுவது. பாலியில் இதன் கிளை ஒன்று தனியாக வளர்ந்தது. ஓவியமும் அந்தக் கிளையில் முளைத்ததுதான்.

நிழலுக்குச் சாயல் கிடையாது, விளிம்பு மட்டும்தான். ஆகவே யார் யார் என்பதை விளிம்பே சொல்லிவிடவேண்டும். நல்லவன், அடங்கியவன் என்றால் கண் நீண்டு மெல்லியதாக, உடல் ஒடிசலாக இருக்கும். முரடன் என்றால் கண் உருண்டை, உடம்பு பருமன், பல் வெளியே. அர்ஜுனனுக்கும் பீமனுக்கும் தலைமுடி பின்னால் கொக்கிபோலச் சுருண்டு நிற்கும். அந்தக் கொண்டைக்குச் சுபிட் உராங் என்று பெயர், இறாலின் கொடுக்கு. கட்டம் போட்ட கறுப்பு வெள்ளைத் துணியைப் பார்த்தால் பீமன். நம் கூத்தில் முகத்துக்குப் பச்சையா சிவப்பா என்று பார்த்ததும் யார் வந்திருக்கிறார் என்று தெரிகிறதல்லவா, அந்த மாதிரி.

தோலிலிருந்த இந்த உருவங்களைத் துணிக்கு இறக்கியவர்கள் குளுங்குங் அரசின் கீழிருந்த காமாசான் கிராமத்துக்காரர்கள். பருத்தித் துணியை அரிசிமாக் கஞ்சியில் தோய்த்து, வெயிலில் காயவைத்து, சோழியால் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். நம் தாத்தாக்கள் வேட்டிக்குக் கஞ்சி போட்டதை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடக் கெட்டியாக. வண்ணம் எல்லாம் பூசி முடித்த பிறகு, கடைசியில் மூங்கில் குச்சியைச் சீவி எடுத்துக் கறுப்புக் கோடு இழுப்பார்கள். அந்தக் கோடு விழும்வரை படத்துக்கு உயிர் வராது. கண்ணும் விரல் நகமும் அப்போதுதான் பிறக்கின்றன. சிற்பத்துக்குக் கடைசியில் கண் திறப்பதுபோல. துணிப்படங்கள் கோயில் திருவிழாவுக்கு மண்டபத்தைச் சுற்றிக் கட்டுவதற்கானவை.

இப்போது மச்சான் சொன்னதற்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்வதும் அதுதான். இது நம்முடையது, அப்படியே அங்கே போனது, அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் சரியில்லை. ஏன் சரியில்லை என்பதில் கொஞ்சம் தங்கிப் பார்ப்போம், ஏனென்றால் இந்த ஓவியத்தின் ருசியே இங்கேதான் இருக்கிறது.

முதலில் ராமாயணம். பாலிக்குத் தெரிந்த ராமாயணம் கம்பருடையதும் அல்ல, நேரடியாக வால்மீகியுடையதும் அல்ல. ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டில் ஜாவாவில், பழைய ஜாவா மொழியில் எழுதிய ராமாயணக் ககவின். அதன் பெரும்பகுதி பட்டி என்ற வடமொழிக் கவியின் காவியத்தைத் தழுவியது. பிறகு ஜாவாவில் மஜாபாகித் பேரரசு சரிந்தபோது அரசகுடியினரும் புலவர்களும் பூசாரிகளும் கடலைத் தாண்டிப் பாலிக்கு வந்தார்கள். ஏடுகளும் கூத்தும் கூடவே வந்தன. ஆக நம் கரைக்கும் பாலிக்கும் நடுவில் ஜாவா என்ற பெரிய வீடு ஒன்று இருக்கிறது. அங்கே சில நூற்றாண்டு தங்கி, உண்டு உடுத்து, ஊர்க்காரனாகிவிட்ட பிறகே கதை பாலிக்குப் போயிருக்கிறது.

அடுத்து மகாபாரதம். குளுங்குங்கில் கெர்த்தா கோசா என்ற பழைய நீதிமண்டபம் இருக்கிறது. கூரையின் உட்பக்கம் முழுக்கக் காமாசான் பாணி ஓவியங்கள். அதில் பெரும்பகுதி பீமன் நரகத்துக்குப் போகும் கதை. பெயர் பீம ஸ்வர்கா. மானுருவில் இருந்த முனிவரைக் கொன்ற பாவத்துக்காகப் பாண்டு நரகத்தில் கிடக்கிறான். மாத்ரியும் கூட. அவர்களை மீட்டுவா என்று குந்தி பீமனை அனுப்புகிறாள். பீமன் நரகக் காவலர்களோடு அடித்துப் பிடித்து இருவரையும் மீட்டு, சொர்க்கம்வரை போகிறான். வியாச பாரதத்தில் நரகத்தைப் பார்க்கப் போகிறவன் தருமன், அதுவும் கடைசியில். வில்லிபாரதம் கேட்டு வளர்ந்த நம் பெரியவர்கள் யாரிடமும் பீமனின் இந்தப் பயணத்தைச் சொல்லிப் பாருங்கள், புருவத்தை உயர்த்துவார்கள். இறந்த பெற்றோரின் ஆவியைக் கரைசேர்ப்பது பிள்ளையின் முதல் கடன் என்பது பாலி வாழ்க்கையின் மையம். அங்கு தகனச் சடங்கு அவ்வளவு பெரிதாக நடப்பதும் அதனால்தான். அந்தக் கவலையிலிருந்து இந்தக் கதை பிறந்திருக்கிறது. பாத்திரங்கள் இந்தியப் பெயருள்ளவை, பாசம் பாலியினுடையது.

மூன்றாவதாக, படத்தின் ஓரத்தில் நிற்கும் குண்டு ஆசாமிகள். தங்கை வீட்டுப் படத்திலும் ஒருவன் இருந்தான். தொப்பை, உருண்டைக் கண், இடுப்பில் துண்டு. "இது யாரு மாமா? குகனா?" என்றான் மருமகன். குகன் இல்லை. அரசர்களுக்கு ஊழியம் செய்யும் துவாலேன், மெர்தா, டெலெம், சாங்குட் என்ற நால்வரில் ஒருவன். இந்திய இதிகாசத்தில் இவர்கள் இல்லவே இல்லை. ஆனால் பாலிக் கூத்தில் இவர்கள் இல்லாமல் கதை நகராது. அரசர்கள் பேசுவது காவி என்னும் பழைய ஜாவா மொழி, பார்க்கிறவர்கள் பலருக்குப் புரியாது. அதை ஊர்ப் பேச்சில் எடுத்துச் சொல்வதும், கேலி செய்வதும், சமயத்தில் அரசனுக்கே புத்தி சொல்வதும் இவர்கள் வேலை. ஜாவாக் கூத்தில் செமாரும் பெத்ருக்கும் செய்வது இதே வேலை. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரனையும், தோல்பாவைக் கூத்தின் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் நினைத்தால் இந்தத் தேவை எங்கும் ஒன்றுதான் என்று தெரியும். ஆனால் இந்த ஆட்களை யாரும் யாருக்கும் ஏற்றுமதி செய்யவில்லை. ஒவ்வோர் ஊரும் தன் விதூஷகனைத் தானே பெற்றுக்கொண்டது.

மங்சியை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இப்போது உதவும். சொல் இந்தியாவினுடையது, கரி சீனாவினுடையது, உருவத்தின் விளிம்பு ஜாவாத் தோலிலிருந்து வந்தது, கை பாலியினுடையது. ஒரு சொல்லைக் கொடுத்தவன் அந்தச் சொல்லால் வரைந்த படத்துக்கும் சொந்தம் கொண்டாட முடியாது. உறவு உண்டு, உரிமை இல்லை. தாய்மாமன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீர் கொண்டுபோய் நிற்கலாம், பிள்ளைக்குப் பெயர் நாம் வைக்க முடியாது.

அப்படியானால் இந்தப் படம் எவ்வளவு பழசு? வேர் மிகப் பழையது. ஆனால் தாளில் மை மட்டும் கொண்டு இருட்டை அடுக்கும் இந்தப் பாணி 1930-களில் பிறந்தது, நூறு வயதுகூட ஆகவில்லை. 1908-இல் குளுங்குங் அரசு டச்சுக்காரர் கையில் வீழ்ந்தது. ஓவியரைப் புரந்த அரண்மனைகள் நலிந்தன. அதே காலத்தில் கப்பலில் சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். தாளும் சீன மையும் எளிதாகக் கிடைத்தன. கோயிலுக்கு இன்ன அளவில் இன்ன கதை என்ற கட்டு இல்லாமல், சின்னத் தாளில் தோன்றியதை வரையலாம் என்ற புது வாசல் திறந்தது. 1936-இல் உபுட்டில் பிதா மஹா என்ற ஓவியர் சங்கம் அமைந்தது. பெயரைக் கவனியுங்கள், நம் பிதாமகர்தான். உபுட் அரச குடும்பத்தின் சுக்காவதியும், அங்கே வசித்த வால்ட்டர் ஷ்பீஸ், ருடோல்ஃப் போனே என்ற இரு ஐரோப்பிய ஓவியர்களும், இ குஸ்தி ஞோமான் லெம்பாட்டும் அதன் முன்னோடிகள்.

லெம்பாட் தனிப்பிறவி. பத்துவான்காரர்கள் தாளில் ஈ உட்கார இடம் விடமாட்டார்கள். இவரோ பாதித் தாளை வெறுமையாக விட்டுவிட்டு, ஒரே இழுப்பில் ஓர் உடலைக் கொண்டுவருவார். கட்டடமும் சிற்பமும் பாவையும் செய்து பழகிய கை. 1978-இல் காலமானபோது நூறு வயதைத் தாண்டியிருந்தார் என்றே கணிக்கிறார்கள். பாலி மை ஓவியத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும் என்றால் அவருடையதைத்தான் கேட்பேன்.

ஐரோப்பியர் வந்து சொல்லிக்கொடுத்ததால் வந்த கலை என்று சிலர் எழுதுவதும் உண்டு. அதுவும் மச்சான் சொன்னதைப் போன்றதே, திசை மட்டும் வேறு. மானுடவியலாளர்கள் மார்கரெட் மீடும் கிரிகரி பேட்சனும் 1936 முதல் பாலியில் தங்கி ஆய்வு செய்தபோது 1,200-க்கும் மேற்பட்ட படங்களை ஓவியர்களிடமிருந்து வாங்கினார்கள். அவற்றில் பெரும்பகுதி பத்துவானில் வரைந்தவை. இடா பாகுஸ் மாடே தோகோக் என்ற ஓவியர் தம் கனவுகளையே அவர்களுக்கு வரைந்து கொடுத்தார். தாள் கடையில் வாங்கியதாக இருக்கலாம், வாங்குகிறவர் வெளிநாட்டாராக இருக்கலாம். கனவை யார் சொல்லிக்கொடுக்க முடியும்?

பத்துவான் பாணி அதற்குப் பிறகும் நிற்கவில்லை. இ வாயான் பெண்டி என்ற ஓவியர் அதே நெருக்கத்தில், அதே மங்சிப் பூச்சில், கேமராவோடு அலையும் சுற்றுலாக்காரர்களையும் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களையும் கோயில் ஊர்வலத்துக்குப் பக்கத்திலேயே வரைந்தார். கண்ணுக்குத் தெரிகிற பாலி மாறினால் படமும் மாறத்தானே வேண்டும்.

நம் பக்கம் இதற்கு உறவே கிடையாதா என்று கேட்டால், உண்டு. தஞ்சை வட்டாரத்துக் கருப்பூர்க் கலம்காரி. சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் வரைகிறார்கள். 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேரிலும் கோயில் மண்டபத்திலும் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள், அவற்றில் வரைவது இந்த வேலைதான். மூங்கில் குச்சி, துணி, இதிகாசம் என்று காமாசானோடு பொருத்தம் நிறைய. ஆனால் கறுப்பு வேறு. இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் நாள்கணக்கில் ஊறவைத்துப் புளித்த நீரை எடுப்பார்கள். துணியை முன்பே கடுக்காயிலும் பாலிலும் தோய்த்திருப்பார்கள். இரும்பு நீர் கடுக்காயின் துவர்ப்பைத் தொட்ட இடத்தில் கறுப்பு பிறக்கும். பால் அதைப் பரவாமல் பிடிக்கும். அதாவது பாலிக்காரர் கறுப்பைக் கொண்டுவந்து மேலே வைக்கிறார், நம் ஓவியர் துணிக்குள்ளேயே கறுப்பை விளைய வைக்கிறார்.

சோழமண்டலக் கரையிலிருந்து இப்படிக் கையால் எழுதிய துணிகள் கப்பல் கப்பலாக இந்தத் தீவுகளுக்கு வந்தன. மிளகுக்கும் கிராம்புக்கும் அவையே விலை. ராமாயணப் போர்க்காட்சி எழுதிய துணிகளை இந்தோனேசியத் தீவுகளில் குலச்சொத்தாகப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். மச்சான் சொன்ன கப்பல் உண்மையில் வந்தது. படம் போட்ட துணியும் அதில் இருந்தது. ஆனால் தங்கை வீட்டுச் சுவரில் தொங்குவது அந்தக் கப்பலில் வந்த படம் அல்ல.

கடைசியாக, அப்படியொரு படம் உங்கள் வீட்டிலும் இருந்தால் ஒன்று செய்யுங்கள். கலம்காரியின் இரும்புக் கறுப்பு காலப்போக்கில் துணியை அரிக்கும். பழைய துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் பொடிந்துபோவதற்குக் காரணம் அதுதான். மங்சியோ வெறும் கரி. தாளை அரிக்காது, வெயிலில் வெளுக்காது. ஆனால் தாள் வெயிலில் பழுத்துவிடும், நம் ஜொகூர்க் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஓவியர் மாதக்கணக்கில் காப்பாற்றிய வெளிச்சம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாட்டாதீர்கள். கண்ணாடி தாளின்மேல் ஒட்டாமல் ஒரு விரற்கடை இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். தங்கை வீட்டில் போன வாரம் இடம் மாற்றி மாட்டிவிட்டோம்.